பெரியபட்டினம் கரையில் வளர மறுத்த டிராகன் பழம்: ஒரு நிகழ்வு ஆய்வு

புகார்

இராமநாதபுரத்திலிருந்து திருப்புல்லாணி தாண்டிப் பெரியபட்டினம் போகிற பக்கம், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது இந்தத் தோட்டம். மணல் தரை, சுற்றிலும் பனை, வேலியில் சீமைக்கருவேலம். கல்தூண் ஊன்றி, தூண் தலையில் பழைய பைக் டயரை மாட்டி, தூணுக்கு நாலு குச்சி வீதம் டிராகன் பழம் நட்டிருக்கிறார் உரிமையாளர். சவுதியில் பாதி ஆயுசைக் கழித்துவிட்டு ஊர் திரும்பிய சபுராளி. எல்லாரும் கூப்பிடுவது போல நானும் காக்கா, அதாவது அண்ணன், என்றே கூப்பிடுகிறேன்.

ஐப்பசி மழையோடு நட்ட குச்சிகள் மார்கழியிலும் தையிலும் கிடுகிடுவென ஏறின. பங்குனி பிறந்ததும் நின்றன. ஆனி முடியும்வரை புதுத் துளிர் ஒன்றுகூட இல்லை. சில தண்டுகளில் மேற்குப் பக்கம் வெளுத்து மஞ்சளாகி, தொட்டால் காகிதம் மாதிரி இருந்தது. சாகவும் இல்லை, வளரவும் இல்லை.

"தாயிஃப்ல பர்ஷூமி ரோட்டோரம் குவிச்சு வச்சு விப்பான் தம்பி. அந்தப் பாலைவனத்துலயே அப்படிக் காய்க்குது. நம்ம மண்ணுக்கு என்ன குறை?" என்பது காக்காவின் கேள்வி. பர்ஷூமி என்பது அங்கே சப்பாத்திக்கள்ளிப் பழத்துக்குப் பெயர். டிராகன் பழமும் கள்ளிச்சாதிதான் என்று யாரோ சொல்ல, அந்தத் தைரியத்தில் இறங்கியிருக்கிறார். இந்தக் கேள்விக்குள்ளேயே விடையும் இருந்தது. அது பிடிபடச் சில மாதம் ஆனது.

அதுவரை நடந்த வைத்தியம்

செடி வாடுகிறது என்றால் நம் ஊரில் முதலில் செய்வது தண்ணீர் விடுவது. காக்கா சொட்டுநீரைக் காலை, மாலை இரண்டு வேளையும் திறந்துவிட்டார். நாற்று கொடுத்தவர்கள் "வெயில் பத்தலை" என்று சொன்னதால் வரப்போரம் நின்ற இரண்டு உடைமரங்களையும் வெட்டிவிட்டார். இந்த உடைமரம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்தக் கரையில் குடை விரித்தாற்போல் ஓர் உடை நிற்க எத்தனை வருஷமாகும் என்று அங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

நான் போய்ப் பார்த்தபோது மூன்று கோளாறுகள் பளிச்சென்று தெரிந்தன. ஒன்று, வேர். சில தூண்களின் அடியில் மண்ணைக் கிளறினால் வேர்நுனி பழுப்பேறி, ஊறிய நாற்றம் அடித்தது. அளவுக்கு மீறிய தண்ணீர். இரண்டாவது, தண்ணீரின் உப்பு. ஆழ்குழாய்த் தண்ணீரை வாயில் வைத்தாலே கரித்தது. அதே தோட்டத்தில் மணலில் ஆளுயரம் தோண்டிய ஊற்றின் தண்ணீர் குடிக்கிற மாதிரி இருந்தது. இந்தக் கரை முழுக்கவே மழைநீர் உப்புநீர்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. ஆழம் போகப் போக உப்பு. மூன்றாவது, வெயிற்சூடு. டிராகன் பழத்தின் பூர்வீகம் பாலைவனமே இல்லை. தெற்கு மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் அதன் சொந்த நிலம். அங்கே மரத்தைப் பற்றி ஏறி, இலைகளின் சல்லடை நிழலில் வாழ்கிற கொடிக்கள்ளி அது. மொட்டை வெயிலில் நிறுத்தினால் வெந்துபோகும்.

இந்த மூன்றும் சேர்ந்து நோய்ப்பட்ட செடிகளுக்குப் போதிய விளக்கம். ஆனால் தோட்டத்தின் கிழக்கு மூலையில், பனை நிழல் விழுகிற இடத்தில், சொட்டுநீர்க் குழாய் எட்டாததால் ஊற்றுத் தண்ணீரைக் குடத்தில் சுமந்து ஊற்றுகிற ஒரு வரிசை இருந்தது. அங்கே தண்டு பச்சைப் பசேலென்றிருந்தது, வேர் வெள்ளையாக இருந்தது. அந்த வரிசையும் வளரவில்லை. நோயே இல்லாத செடி ஏன் நின்றது என்பதுதான் இந்த ஆய்வு.

இரவில் வாங்கி, பகலில் செலவழிப்பது

பெரும்பாலான செடிகள் பகலில் துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கி, வெளிச்சம் இருக்கும்போதே மாவாக்கிக்கொள்கின்றன. திறந்த துளை வழியே நீரும் ஆவியாகப் போகும். வறண்ட நிலத்துச் சதைப்பற்றுள்ள செடிகளில் பல இந்த நேரத்தை மாற்றிக்கொண்டவை. துளைகள் ராத்திரிதான் திறக்கும். உள்ளே வருகிற வாயுவை பெப் கார்பாக்சிலேஸ் என்ற நொதி பிடித்து, மாலிக் அமிலமாக்கி, செல்லின் நடுவே உள்ள நுண்குமிழில் சேமிக்கும். விடிந்ததும் துளை மூடும். பகல் முழுக்க அந்த அமிலம் உடைந்து வாயுவை உள்ளுக்குள்ளேயே வெளிவிட, ரூபிஸ்கோ நொதி அதை எடுத்துச் சர்க்கரையாக்கும். நம் தெருவில் நடுராத்திரி காவிரித் தண்ணீர் வரும்போது இருக்கிற குடங்களையெல்லாம் நிரப்பி வைத்து, பகலில் புழங்குவது போலத்தான். ராத்திரி எத்தனை குடம் நிறைந்ததோ அவ்வளவுதான் மறுநாள் சமையல்.

இந்த முறைக்குச் சுருக்கப் பெயர் கேம் (CAM). இதை நாக்கினால் கண்டறிந்து எழுதியவர் சென்னை மாகாணத்தில் வேலை பார்த்தவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பெஞ்சமின் ஹைன் ஜெர்மானியர். தரங்கம்பாடிக்கு மொராவியச் சபையின் பணியாளராக வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளர் ஆனவர். ரணகள்ளி இலையைக் காலையில் மென்றால் புளிக்கிறது, நண்பகலில் சுவையே இல்லை, மாலையில் லேசாகக் கசக்கிறது என்று அவர் எழுதிய கடிதம் 1815ல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் வந்தது. அதற்கு முன்பே, 1804ல், சப்பாத்திக்கள்ளி இருட்டில் கரியமில வாயுவை உறிஞ்சுவதை ஸ்விட்சர்லாந்தின் தெ சொஸ்ஸூர் பதிவு செய்திருந்தார். இரண்டையும் சேர்த்து முழுக்கதை சொல்ல இன்னும் நூறாண்டுக்கு மேல் பிடித்தது.

அப்படியானால் செடி ராத்திரி எவ்வளவு வாங்கியது என்று அறிய பெரிய கருவி வேண்டாம். மாலையில் ஒரு துண்டு, விடியலில் ஒரு துண்டு. இரண்டின் புளிப்புக்கும் உள்ள வித்தியாசம் போதும்.

பார்த்த விதம்

அசர் தொழுகை முடிந்து, வெயில் இறங்குமுன் காக்கா ஒரு துண்டு வெட்டுவார். சுபுஹுக்குப் பிறகு, வெளுக்குமுன் அதே செடியில் பக்கத்துத் தண்டிலிருந்து இன்னொன்று. வெட்டிய துண்டு வெளியே கிடந்தால் அமிலக் கணக்கு மாறிவிடும். ஆகவே உடனே மீன் ஐஸ்பெட்டிக்குள் போகும். கீழக்கரை மீன் வியாபாரிகளிடம் ஐஸுக்குப் பஞ்சமில்லை. பிறகு சம எடை எடுத்து அரைத்து, வடிகட்டி, தெரிந்த பள்ளி ஒன்றின் வேதியியல் ஆய்வகத்தில் பினால்ப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, ப்யூரெட்டிலிருந்து சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டோம். சாறு இளஞ்சிவப்பாக மாறும்வரை எவ்வளவு காரம் செலவாகிறதோ, அவ்வளவு அமிலம்.

ஒப்பிட வேலியோரத்துச் சப்பாத்திக்கள்ளி, கற்றாழை, பிரண்டைத் தண்டு, உப்பளத்து உமரி ஆகியவற்றையும் எடுத்துக்கொண்டோம். நாக்கில் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: ரணகள்ளியும் டிராகன் தண்டும் சரி. பால் வடிகிற சதுரக்கள்ளி, திருகுகள்ளி பக்கம் போகாதீர்கள். அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பிரண்டையும் பச்சையாக நமைச்சல் எடுக்கும். துவையலுக்கு வதக்காமல் அரைத்தவர்களுக்குத் தெரியும்.

கண்டது

வைகாசியில் பனை நிழல் வரிசையின் டிராகன் தண்டில் மாலைச் சாறுக்கும் விடியல் சாறுக்கும் காரம் கிட்டத்தட்ட ஒரே அளவு. விடியல் சாறு கொஞ்சம் கூடுதலாகக் குடித்தது, அவ்வளவே. அதே வரிசையில் மார்கழிக் கடைசியில் பார்த்தபோது விடியல் சாறு மாலைச் சாற்றைப் போலப் பல மடங்கு காரத்தை விழுங்கியது. தண்ணீர் அதே ஊற்று, நிழல் அதே பனை, எரு எதுவும் புதிதாக வைக்கவில்லை. மாறியது ராத்திரிதான்.

பாம்பனில் மே, ஜூன் இரவுகளில் வெப்பமானி 26, 27 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. பகல் உச்சமும் 32, 33ஐச் சுற்றித்தான். கடல் பகலில் நம்மைக் காப்பாற்றுகிறது; ராத்திரி அதே கடல் சூட்டை விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. அரிசோனாவின் டூசான் நகரத்தை எடுத்துக்கொண்டால், ஜூன் பகலில் 38 டிகிரி தொடும், ஆனால் ராத்திரி 20 அளவுக்கு வந்துவிடும். அந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கு மேலே இருக்கிறது, காற்று காய்ந்தது, வானம் திறந்தது. பகலில் வாங்கிய சூடு ராத்திரி ஆகாயத்துக்குப் போய்விடும். இராமநாதபுரம் கரையில் காற்றிலுள்ள ஈரம் அந்த வழியைப் பாதி அடைத்துவிடுகிறது. பகல் சூட்டை வைத்து ஒப்பிட்டால் நம் ஊர் குளுமை. ராத்திரியை வைத்து ஒப்பிட்டால் டூசான்தான் குளுமை. கேம் செடி பார்ப்பது ராத்திரியை.

ஏன் சூடு தடுக்கிறது? மூன்று காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வேலை செய்கின்றன. சூடு ஏற ஏற நுண்குமிழின் சவ்வு கசியும். சேர்த்த அமிலம் வெளியே வந்து, அதைச் செய்யும் பெப் கார்பாக்சிலேஸையே அடக்கிவிடும். செடியின் சுவாசம் வெப்பத்தோடு வேகமாகக் கூடும்; பத்து டிகிரி ஏறினால் ஏறக்குறைய இரட்டிப்பு. அதாவது ராத்திரி வாங்குவது குறைந்து, செலவு கூடுகிறது. கூடவே செடி துளையையே சரியாகத் திறப்பதில்லை. சப்பாத்திக்கள்ளியில் பழத்துக்காக வளர்க்கும் இந்திய அத்தி வகை, அதாவது தாயிஃபின் பர்ஷூமி, பகல் 25, இரவு 15 டிகிரி அளவில்தான் கரியமில வாயுவை அதிகம் வாங்குகிறது. டிராகன் பழத்துக்கு அது பகல் 30, இரவு 20. கள்ளிகளையும் கற்றாழைகளையும் காலமெல்லாம் அளந்த பார்க் நோபல் என்ற அமெரிக்க ஆய்வாளரின் வழியில் வந்த எண்கள் இவை. நம் வைகாசி ராத்திரி இரண்டுக்குமே அதிகம்.

இங்கேதான் காக்காவின் தாயிஃப் வருகிறது. தாயிஃப் பாலைவனம் அல்ல, மலை ஊர். சுமார் 1,800 மீட்டர் உயரத்தில், ரோஜாவுக்கும் கோடைவாசத்துக்கும் பேர்போன இடம். நூறு மீட்டர் ஏறினால் சராசரியாக அரை டிகிரிக்கு மேல், கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி, வெப்பம் குறையும். செங்கடல் கரையில் இருக்கிற ஜித்தாவைவிடத் தாயிஃப் பதினோரு பன்னிரண்டு டிகிரி குளிர்ந்திருக்க இந்தக் கணக்கே போதும். "ஜித்தாவுல ரோட்டோரம் பர்ஷூமிச் செடி நின்னுச்சா காக்கா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பழம் வந்து எறங்கும். செடி பார்த்ததில்லையே தம்பி" என்றார். பெரியபட்டினம் ஜித்தாவின் சாதி. ஈரக் கரை, சூட்டு ராத்திரி.

உயரம் என்ன செய்கிறது, எதுவரை

இராமநாதபுரத்தில் உயரத்தைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் வேடிக்கை. இராமேசுவரம் தீவில் ஏறிப் பார்க்க இருப்பதே கந்தமாதன பர்வதம் என்ற மணல்மேடு. ஆகவே ஒப்பீட்டுக்கு வெளியே போக வேண்டியிருந்தது. காக்காவின் அதே குச்சிகளில் கொஞ்சத்தைக் கொடைக்கானல் கீழ்மலையில், ஆயிரம் மீட்டருக்கு மேலே காப்பித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்குக் கொடுத்தோம். சித்திரை, வைகாசியில் அங்கே ராத்திரி போர்வை வேண்டும். குச்சிகள் அந்த மாதங்களில் துளிர்விட்டன. விடியல் சாறு நன்றாகப் புளித்தது. மார்கழியில் அங்கே நின்றன. மூடுபனியும் குளிரும் அவற்றுக்கு ஆகவில்லை. இங்கே கோடையில் நின்றது அங்கே குளிர்காலத்தில் நின்றது. கீழ்மலை மண் வேறு, தண்ணீர் வேறு. அதனால் இந்த ஒப்பீட்டை மட்டும் வைத்து நான் எதையும் அடித்துச் சொல்ல மாட்டேன். ஒரே வரிசையில் இரண்டு பருவத்திலும் எடுத்த சாறுதான் என் சாட்சி.

உயரம் கூடக்கூட நல்லது என்றும் இல்லை. அரிசோனாவின் ராட்சதக் கள்ளி சகுவாரோ, உறைபனி நீடிக்கிற உயரத்தில் நின்றுவிடும். குருத்து உறைந்தால் போச்சு. பெரு நாட்டு ஆண்டிஸ் மலையில் சுமார் 4,000 மீட்டரில் வெள்ளைக் கம்பளி போர்த்தது போல மயிரடர்ந்த ஒரு கள்ளி தரையோடு மெத்தையாகப் படர்ந்து வாழ்கிறது. அந்தக் குளிரிலும் ராத்திரி அமிலம் சேர்க்கிறது. மரத்தில் ஒட்டி வாழும் ஆர்க்கிடுகளின் கதையோ தலைகீழ். வெப்பமண்டல மலைகளில் மேலே போகப் போக அவற்றில் கேம் வகைகள் குறைந்துகொண்டே வரும். மேலே மேகமும் ஈரமும் இருப்பதால் தண்ணீரை மிச்சம்பிடிக்கும் தேவை அங்கே இல்லை. ஆக, உயரம் தனியாக எதையும் தீர்மானிப்பதில்லை. ராத்திரிக் குளிர், ஈரம், உறைபனி ஆகியவற்றை அது கூட்டியும் குறைத்தும் கொடுக்கிறது. உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் கரியமில வாயுவும் குறையுமே என்று கேட்கலாம். குறையும், 2,000 மீட்டரில் அழுத்தம் கடல்மட்டத்தின் ஐந்தில் நாலு பங்குதான். ஆனால் பெப் கார்பாக்சிலேஸ் குறைந்த வாயுவையும் விடாமல் பிடிக்கும் நொதி, பிராணவாயு அதைக் குழப்புவதில்லை. இந்தச் செடிகளுக்கு அது பெரிய நஷ்டமில்லை.

வேலியோரத்துச் சாட்சிகள்

இதுவரை சொன்னது சரியென்றால் வேலியில் சப்பாத்திக்கள்ளி எப்படித் தழைக்கிறது என்று காக்கா மடக்கினார். நல்ல கேள்வி. வைகாசியிலும் அதன் விடியல் சாறு மாலைச் சாற்றைவிடத் தெளிவாகப் புளித்தது, டிராகன் தண்டைவிட நிறைய. இந்தக் கரையில் மண்டிக் கிடக்கும் சப்பாத்திக்கள்ளி, பர்ஷூமியின் ஒன்றுவிட்ட தம்பி. அதன் பூர்வீகம் கரீபியத் தீவுகளும் மெக்சிகோ வளைகுடாக் கரையும். உப்புக்காற்று, சூட்டு ராத்திரி, மணல். பாலைவனச் செடி என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது பிறவியிலேயே கடற்கரைச் செடி. ஒரு கடற்கரையிலிருந்து இன்னொரு கடற்கரைக்கு வந்திருக்கிறது. தமிழ்நாட்டின் தெற்கில் இது காடாய் மண்டி, 1926ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்த ஒருவகைச் செதில்பூச்சியை விட்டு அழிக்க வேண்டிவந்தது. அவ்வளவு சுகமாக இருந்திருக்கிறது இங்கே.

பிரண்டையும் ஒரு வேடிக்கை. அதன் இலை மற்றச் செடிகள் போலப் பகலில் வாங்கும். நாற்கோணத் தண்டு ராத்திரி வாங்கும். வறட்சி வந்தால் இலையை உதிர்த்துவிட்டுத் தண்டை வைத்துக் காலம் தள்ளும். உமரியில் மாலைக்கும் காலைக்கும் வித்தியாசமே காணவில்லை. சதைப்பற்று இருந்தாலே கேம் என்று இல்லை. உமரியின் சதை உப்பைச் சமாளிக்கத்தான். நாம் கடையும் பருப்புக்கீரையோ ஈரமிருக்கும்போது கரும்பு, சோளத்தின் வழியில் பகலில் வேலை செய்து, வறண்டால் ராத்திரிக் கணக்குக்கும் மாறிக்கொள்கிறது. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை.

செய்ததும் நடந்ததும்

முதலில் தண்ணீரை நிறுத்தினோம். கோடையில் வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் ஊற்றுத் தண்ணீர், காலையில். துளையை ராத்திரி திறக்காத செடிக்கு இரண்டு வேளைத் தண்ணீர் வேரை அழுகவைக்கத்தான் பயன்படும். பாத்தியை மேடாக்கி, மேலே பனையோலை பரப்பினார். வெளுத்த தண்டுகளை வெட்டி எறிந்து, மேற்கு வரிசைகளுக்கு நிழல்வலை கட்டினார். வரிசைகளுக்கு நடுவே அகத்தியும் முருங்கையும் ஊன்றினார்.

நிழல்வலையில் ஒரு சிக்கல் உண்டு. பகலில் வெயிலைத் தடுக்கும் அதே வலை, ராத்திரி தண்டின் சூடு வானத்துக்குப் போவதையும் கொஞ்சம் தடுக்கும். சாயங்காலம் வலையைச் சுருட்டிவிட்டு விடிந்ததும் விரித்தால் நல்லது என்றேன். "தினம் வலை சுருட்டவா தம்பி சவுதிய விட்டு வந்தேன்?" என்றார். நியாயம்தான். அகத்தி வளர்ந்த வரிசைகளில் வலையை அடியோடு எடுத்துவிட்டார். மரநிழல் அந்தச் செடியின் பிறந்த வீட்டு ஏற்பாடும்கூட.

மாலையில் தண்டின்மேல் தண்ணீர் தெளித்துக் குளிரவைக்கலாமா என்று அவராகவே ஒரு வரிசையில் பார்த்தார். ஈரக்காற்றில் தண்ணீர் காயவே இல்லை. சில நாளில் தண்டில் துருப்பிடித்த மாதிரிச் செம்புள்ளிகள் வந்து குழிந்தன. பூசணம். அந்த வரிசையை வெட்டிச் சுட்டுவிட்டு, தெளிப்பதை விட்டுவிட்டார்.

அடுத்த ஐப்பசி மழையோடு துளிர் வந்தது. தை, மாசி வரை நன்றாக ஏறி டயரைத் தாண்டித் தொங்கியது. கோடையில் மறுபடி நின்றது, ஆனால் இந்தத் தடவை வெளுக்கவில்லை, வேரும் அழுகவில்லை. ஆடி, ஆவணியில் பூத்துக் கொஞ்சம் காய்த்தது. பூப்பதைத் தூண்டுவது நீண்ட பகல். அதற்குச் சூட்டு ராத்திரி குறுக்கே நிற்கவில்லை. ஆனால் காயை ஊட்டி வளர்க்கத் தண்டில் சேமிப்பு வேண்டுமே; பழங்கள் சிறுத்துத்தான் இருந்தன. ஏக்கர் கணக்கில் போட்டு லாபம் பார்க்க இந்தக் கரை ஏற்ற இடமில்லை என்று அவரிடம் நேராகவே சொல்லிவிட்டேன். இரண்டாவது ஏக்கருக்கு வாங்கி அடுக்கியிருந்த கல்தூண்களைத் தெரிந்தவருக்கு விற்றுவிட்டு, அந்த நிலத்தில் முருங்கை போட்டிருக்கிறார். பழைய தூண்களில் பாதியில் டிராகன் அப்படியே நிற்கிறது. மேற்கு வரிசையைப் பிடுங்கிவிட்டுப் பிரண்டையை ஏற்றியிருக்கிறார். வெட்டப்பட்ட இரண்டு உடைகளில் ஒன்று அடியிலிருந்து துளிர்த்திருக்கிறது. அதை ஆடு கடிக்காமல் முள்வைத்துக் கட்டியிருக்கிறார்.